நீர்மூழ்கி கேப்டன்கள் ஏன் அவ்ளோ சின்னப் பசங்களா இருந்தாங்க? அந்த கான்கிரீட் பேஸ் பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அலைவரிசை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனியோட யு-போட், அதாவது நீர்மூழ்கிகள் பத்தி கொஞ்ச நாளா படிச்சிட்டிருக்கேன். லுட்விக் ஃபான் ஃப்ரீடபுர்க்னு ஒருத்தர், 1924 மே மாசம் பொறந்தவர், 1944ல யு-155க்கு கேப்டன். கணக்குப் போட்டா 20 வயசு! அதுவும் சின்ன போட் இல்ல, ஒன்பதாம் டைப், அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் சண்டை போடுற பெரிய ரகம், உள்ள ஐம்பது பேர் கிட்ட இருப்பாங்க. காலேஜ் படிக்கிற வயசுப் பையன் கையில அத்தனை உயிரை எந்த தைரியத்துல குடுத்தாங்க? திறமைக்காகவா, இல்ல வேற ஆளே இல்லையா?

இன்னொண்ணு. பிரான்ஸ் கரையில லோரியான், சான் நசேர், லா பலிஸ் துறைமுகங்கள்ல போட்டை நிறுத்த இவங்க கட்டுன கான்கிரீட் ஷெல்டர் எல்லாம் இன்னைக்கும் அப்படியே நிக்குது. பிரிட்டிஷ்காரங்ககிட்ட அத்தனை பாம்பர் விமானம் இருந்தும் ஏன் இடிக்க முடியல? ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கற மாதிரி தோணுது, ஆனா எனக்கு சரியா பிடிபடல.

---

கலங்கரை எழுதியது:

பேஸ் பத்தி நான் சொல்றேன், வயசு விஷயத்தை மத்தவங்க சொல்லட்டும்.

1940 ஜூன்ல பிரான்ஸ் விழுந்ததும் யு-போட் படைத் தலைவர் கார்ல் டோனிட்ஸ் செஞ்ச முதல் வேலையே அட்லாண்டிக் கரையைப் பிடிச்சதுதான். அதுவரைக்கும் வட ஜெர்மனியில இருந்து கெளம்பி ஸ்காட்லாந்தை சுத்திக்கிட்டு போகணும், டீசலும் நாளும் பாதி வழியிலயே கரைஞ்சிடும். லோரியான்ல இருந்து கெளம்புனா நேரா பெருங்கடல். ஜூலை மாசமே யு-30 அங்க வந்து சேந்துடுச்சு. டோனிட்ஸ் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில கெர்னெவெல்ல ஒரு பங்களாவுல உக்காந்து ரேடியோவுலயே எல்லா போட்டையும் நடத்துனாரு. 1942 மார்ச்ல பிரிட்டிஷ் கமாண்டோக்கள் சான் நசேர்ல புகுந்து பெரிய டாக்கை உடைச்ச பிறகுதான், கரையோரமா இருக்கறது ஆபத்துன்னு பாரிஸுக்கு மாறுனாரு.

லோரியான்ல இருக்கற கெரோமான் ஷெல்டர்களை 1941 ஆரம்பத்துல தொடங்குனாங்க. முதல் ரெண்டு பிளாக்கும் அந்த வருஷத்துக்குள்ளயே ரெடி, மூணாவது 1943 ஜனவரியில. முதல் ரெண்டுல என்ன விசேஷம்னா, போட்டை ஒரு சரிவுல தண்ணிய விட்டு வெளிய இழுத்து, தண்டவாளத்துல பக்கவாட்டா நகர்த்தி, உலர்ந்த கொட்டடிக்குள்ள தள்ளிடுவாங்க. மூணாவது பிளாக்குல கூரை மட்டும் ஏழு மீட்டருக்கு மேல தடிப்பு.

இடிக்க முடியலையான்னா, இடிக்க வேண்டிய நேரத்துல இடிக்கல, அதுதான் பதில். 1941ல அஸ்திவாரம் தோண்டி தண்ணி வராம தடுப்பு போட்டு வேலை நடந்துக்கிட்டு இருந்தப்ப குண்டு போட்டிருந்தா மொத்தமும் வெள்ளத்துல போயிருக்கும், டோனிட்ஸே போருக்கு அப்புறம் இதை எழுதியிருக்காரு. பிரிட்டிஷ்காரங்க ஜெர்மன் நகரங்கள் மேல குண்டு போட்டுக்கிட்டு இருந்தாங்க, கூரை முடிஞ்ச பிறகு 1943 ஜனவரி பிப்ரவரியில லோரியான் மேல வந்து கொட்டுனாங்க. ஊர்ல பத்துல ஒன்பது பங்கு அழிஞ்சு போச்சு, ஷெல்டருக்கு ஒண்ணும் ஆகல. அந்த ஊர் ஜனங்களை நெனச்சா எனக்கு இப்பவும் கோவம்தான் வரும், அவங்க கேட்டா அந்த பேஸ் வந்துச்சு? டால்பாய்ங்கற அஞ்சு டன் குண்டு 1944 ஆகஸ்ட்ல பிரெஸ்ட் துறைமுக ஷெல்டரோட கூரையைத் துளைச்சது உண்மைதான். ஆனா அப்ப போட்டெல்லாம் கெளம்பிட்டே இருந்துச்சு.

---

மீன்கொத்தி எழுதியது:

கலங்கரை அண்ணா சொன்னதோட ஒண்ணு சேக்கணும். அந்த கெரோமான் பேஸுக்கு போருக்கு அப்புறம் பிரெஞ்சுக் கடற்படை வெச்ச பேரு ஸ்டாஸ்காஃப். ஜாக் ஸ்டாஸ்காஃப் அந்த துறைமுகத்துலயே வேலை பாத்த பிரெஞ்சு என்ஜினியர், அல்சாஸ்காரர், ஜெர்மன் நல்லா பேசுவாரு. ஜெர்மன் அதிகாரிங்களோட சிரிச்சுப் பேசிட்டே திரிவாரு, கூட வேலை செஞ்ச தொழிலாளிங்க எல்லாம் இவரு துரோகின்னு வெறுத்தாங்க. ஆனா எந்த போட் எப்ப கெளம்புது எப்ப திரும்புதுன்னு நேச நாடுகளுக்கு தகவல் அனுப்பிக்கிட்டு இருந்தது அவருதான். 1944 பிப்ரவரியில பிடிச்சுட்டாங்க, செப்டம்பர் 1ஆம் தேதி நாட்ஸ்வைலர் நாஜி வதைமுகாம்ல கொன்னுட்டாங்க. அவரை வெறுத்தவங்களுக்கு உண்மை தெரிஞ்சப்ப அவரு உயிரோட இல்ல. கேப்டன்களைப் பத்தி ஆயிரம் பேர் எழுதுறாங்க, இவரைப் பத்தியும் நாலு பேர் பேசணும்.

---

ஆழ்கடல்_சேது எழுதியது:

வயசு விஷயத்துக்கு வர்றேன், இது நான் ரொம்ப காலமா தேடிப் படிக்கற சமாச்சாரம்.

தம்பி அலைவரிசை, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், 1940ல கேப்டனா இருந்தவங்களும் 1944ல இருந்தவங்களும் ஒரே ரகம் இல்ல. க்ரெட்ஷ்மர் 1912ல பொறந்தவர், ஷெப்கேயும் 1912, பிரிட்டிஷ் கடற்படைத் தளமான ஸ்காபா ஃப்ளோவுக்குள்ள புகுந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடிச்ச ப்ரீன் 1908. எல்லாரும் இருபதுகளோட கடைசி, முப்பதோட ஆரம்பம். போருக்கு முன்னாடியே பல வருஷம் கடல்ல பழகுனவங்க. அப்ப டோனிட்ஸ் வெச்ச பயிற்சி எப்படின்னா, ஒரு டார்பிடோ கூட சுடறதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள இருந்து 66 தாக்குதல், மேல்மட்டத்துல 66 தாக்குதல் ஒத்திகை பாத்திருக்கணும். க்ரெட்ஷ்மர் ராத்திரியில தண்ணிக்கு மேலயே வந்து கப்பல் கூட்டத்துக்கு நடுவுல புகுந்து அடிச்சாருன்னா அந்தப் பழக்கம்தான் காரணம்.

1941 மார்ச்ல என்னாச்சுன்னு பாருங்க. மாச ஆரம்பத்துல ப்ரீனோட யு-47 காணாம போச்சு. 17ஆம் தேதி ராத்திரி ஒரே கான்வாய்கிட்ட (காவலோட போற கப்பல் கூட்டம்) ஷெப்கே செத்தாரு, க்ரெட்ஷ்மர் பிடிபட்டாரு. ஷெப்கேயோட போட்டை வானாக்ங்கற பிரிட்டிஷ் டிஸ்ட்ராயர் போர்க்கப்பல் ரேடார்ல கண்டுபிடிச்சு நேரா வந்து மோதுச்சு. ரெண்டு வாரத்துக்குள்ள மூணு பெரிய ஆளும் போயாச்சு.

அப்புறம் 1943. மே மாசம் மட்டும் 41 போட் போச்சு. டோனிட்ஸோட சொந்த மகன் பீட்டர் கூட யு-954ல அந்த மாசம்தான் செத்தான். ஒரு கேப்டனை உருவாக்க வருஷக்கணக்குல ஆகும், போட்டை மாசக்கணக்குல கட்டிடலாம். கப்பல் பட்டறை வேகமா போட் தள்ளுது, ஓட்ட ஆள் இல்ல. அப்ப என்ன பண்ணுவான்? ரெண்டு மூணு பயணம் வாட்ச் ஆபீசரா (கேப்டனுக்குக் கீழ காவல் முறை பாக்கற அதிகாரி) போயிட்டு உயிரோட திரும்புனவனை கேப்டன் கோர்ஸுக்கு அனுப்பி படகைக் குடுத்துடுவான். யு-995ல ஹான்ஸ்-கியோர்க் ஹெஸ் 21 வயசுல கேப்டன் ஆனது அப்படித்தான். அந்த போட் இப்பவும் கீல் பக்கத்துல லாபோ கடற்கரையில நிக்குது, உள்ள போய்ப் பாக்கலாம், ஒருத்தர் நடந்தா இன்னொருத்தர் ஒதுங்க எடம் இருக்காது.

நீங்க சொன்ன ஃப்ரீடபுர்க் கதை கொஞ்சம் வேற. 1944 ஆகஸ்ட்ல அமெரிக்கப் படை லோரியானை தரை வழியா சுத்தி வளைச்சிடுச்சு, உள்ள இருந்த போட்டை எப்படியாவது வெளிய எடுத்துட்டுப் போகணும். அந்த யு-155ஐ செப்டம்பர்ல நார்வேக்கு ஓட்டிட்டுப் போகத்தான் அவர்கிட்ட குடுத்தாங்க, வேட்டைக்கு இல்ல. அவங்க அப்பாவும் அட்மிரல். போருக்கு அப்புறம் பையன் சமூகவியல் படிச்சு ஃப்ராங்க்ஃபர்ட் சமூக ஆய்வுக் கழகத்துக்கு இயக்குநரா இருந்து, ஹெஸ்ஸன் மாநிலத்துக்கு கல்வி மந்திரியாவும் ஆனாரு.

உங்க ரெண்டு கேள்விக்கும் சம்பந்தம் இருக்கு. கூரை துறைமுகத்துல இருக்கற போட்டைத்தான் காப்பாத்தும். வாசலைத் தாண்டுனா பிஸ்கே விரிகுடா, மேல ராத்திரியிலயும் விளக்கடிச்சு தேடற விமானம், புது ரேடார். பேஸை உடைக்க முடியலன்னதும் பிரிட்டிஷ்காரங்க வாசல்ல போய் நின்னுட்டாங்க. போட்ல போன சுமார் 40,000 பேர்ல முக்கால்வாசி, கிட்டத்தட்ட 30,000 பேர் திரும்பல. அதுல பெரும்பாலானவங்க இருபதுகளோட ஆரம்பத்துல இருந்தவங்க.

---

நீலவானம் எழுதியது:

சேது சார், படிக்க நல்லாருக்கு, ஆனா ஒரு பக்கமாவே போகுது. அந்தப் பசங்க மூழ்கடிச்ச கப்பல்ல இருந்தவங்க யாரு? பிரிட்டிஷ் வணிகக் கப்பல்ல மட்டும் 30,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல இந்திய மாலுமிங்க ஆயிரக்கணக்குல, லாஸ்கர்னு கூப்பிடுவாங்க, என்ஜின் ரூம்ல கரி தள்ளிக்கிட்டு இருந்தவங்க. 1940 செப்டம்பர்ல சிட்டி ஆஃப் பெனாரஸ்ங்கற கப்பலை யு-48 அடிச்சது. கனடாவுக்கு பத்திரமா அனுப்புன 90 குழந்தைங்கள்ல 77 பேர் செத்தாங்க, இந்திய மாலுமிங்க நூறு பேருக்கு மேல செத்தாங்க. டார்பிடோ விட்ட கேப்டனுக்கு 30 வயசு. உள்ள குழந்தைங்க இருந்தது தெரியாதுன்னு சொல்லப்பட்டுச்சு, இருக்கட்டும், செத்தது செத்ததுதான்.

அப்புறம் யு-852 கேப்டன் எக். 1944 மார்ச்ல பெலியஸ்ங்கற சரக்குக் கப்பலை மூழ்கடிச்சிட்டு, தண்ணியில மிதந்த பலகைங்க மேலயும் அதைப் பிடிச்சிட்டிருந்த ஆளுங்க மேலயும் மெஷின்கன்னால சுட்டான். போருக்கு அப்புறம் விசாரிச்சு 1945 நவம்பர்ல சுட்டுக் கொன்னாங்க. அவனுக்கும் 29 வயசுதான். சின்ன வயசுங்கறதை ஒரு மன்னிப்பா ஆக்கிடாதீங்கன்னு கேட்டுக்கறேன்.

---

ஆழ்கடல்_சேது எழுதியது:

நீலவானம், நீங்க சொன்னது முழுக்க சரி. நான் மன்னிப்பு கேக்கல அவங்களுக்காக. அதே வயசுல வேற மாதிரி நின்ன ஒருத்தரையும் சொல்லணும். ஆஸ்கர் குஷ், 1918ல பொறந்தவர், லோரியான்ல இருந்து போன யு-154 கேப்டன். போட்ல மாட்டியிருந்த ஹிட்லர் படத்தை எடுக்கச் சொன்னாரு, எதிரி ரேடியோ கேட்டாரு, இந்தப் போர் தேறாதுன்னு அதிகாரிங்ககிட்ட வெளிப்படையா பேசுனாரு. அவரோட முதல் வாட்ச் ஆபீசரே புகார் எழுதிட்டான். அரசு வக்கீல் பத்து வருஷ சிறைதான் கேட்டாரு, நீதிமன்றம் மரண தண்டனை குடுத்துச்சு. 1944 மே 12ஆம் தேதி கீல்ல சுட்டாங்க, 26 வயசு. புகார் எழுதுனவனுக்கு தனியா யு-193 கெடச்சது, அந்த வருஷம் ஏப்ரல்ல கெளம்புன போட் திரும்பவே இல்ல, குஷ்ஷுக்கு முன்னாடியே அவன் போயிட்டான். டோனிட்ஸ் நெனச்சிருந்தா குஷ்ஷைக் காப்பாத்தியிருக்கலாம். செய்யல.

---

அலைவரிசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குஷ் பத்தி நான் கேள்விப்பட்டதே இல்ல. பிரிட்டிஷ் பக்கமும் கேப்டன்கள் இந்த வயசுதானா? அவங்களுக்கும் இந்த மாதிரி கான்கிரீட் இருந்துச்சா?

---

மீன்கொத்தி எழுதியது:

வயசு கிட்டத்தட்ட அதேதான், கான்கிரீட் இல்ல. மால்டாவுல மானுவல் தீவுல லாசரெட்டோன்னு பழைய குவாரண்டைன் ஆஸ்பத்திரி, அதுதான் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளோட பத்தாவது ஃப்ளோட்டில்லாவுக்கு (படைப்பிரிவுக்கு) பேஸ். 1942ல குண்டுவீச்சு தாங்க முடியாம பகல் முழுக்க போட்டை துறைமுகத் தரையில மூழ்க வெச்சிட்டு ராத்திரி மேல வந்து டார்பிடோ ஏத்துவாங்க. கரைக்கு ஓய்வுக்கு வந்தவங்களுக்கு ஓய்வே இல்ல. கடைசியில கொஞ்ச நாள் அந்த பேஸையே காலி பண்ண வேண்டியதாயிடுச்சு. அங்கதான் அப்ஹோல்டர்ங்கற நீர்மூழ்கியோட கேப்டன் வாங்க்லின் இருந்தாரு. மால்டா வந்த புதுசுல டார்பிடோ எல்லாம் குறி தவறி, மேலதிகாரி இவரை மாத்திடலாமான்னு யோசிச்ச ஆளு. 1941 மே 24ல கோன்ட்டே ரோஸோங்கற இத்தாலியப் படைக் கப்பலை மூழ்கடிச்ச பிறகு பிரிட்டனோட உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வரைக்கும் போனாரு. 1942 ஏப்ரல்ல போட்டோட போயிட்டாரு, 30 வயசு.

பிரிட்டிஷ்காரங்க பயிற்சியில ஒரு கறார் இருந்துச்சு. கேப்டன் ஆகறதுக்கு பெரிஸ்கோப் கோர்ஸ் உண்டு, அதுல தோத்தா நீர்மூழ்கிப் பக்கமே திரும்ப வர முடியாது. போர் முத்துனப்பவும் அந்த கோர்ஸை விடல.

---

கலங்கரை எழுதியது:

நம்ம பக்கத்துக் கடலையும் மறந்துடக் கூடாது. பினாங்குல ஜெர்மன் பேஸ் இருந்துச்சு. 1943 ஆகஸ்ட்ல யு-178 வந்து சேந்துச்சு, அதோட கேப்டன் டோம்ஸ் அங்கயே தங்கி பேஸைப் பாத்துக்கிட்டாரு. ஜப்பான்காரங்க துறைமுகம், வெயில், பேட்டரி கெட்டா மாத்த பொருள் இல்ல, கொண்டு வந்த டார்பிடோ கெட்டுப் போகும். கான்கிரீட் கூரையெல்லாம் அங்க பேச்சுக்கே இல்ல. நேதாஜியை மாத்தி ஏத்துன கதை எல்லாருக்கும் தெரியும், 1943 ஏப்ரல் 28, மடகாஸ்கர் பக்கம், யு-180ல இருந்து ஜப்பானோட ஐ-29க்கு. அந்த ஐ-29 பினாங்குல இருந்துதான் கெளம்பிப் போச்சு. யு-180 கேப்டன் முசென்பெர்க் 1904ல பொறந்தவர், 38 வயசு, அந்தக் கூட்டத்துல அவரு பெரியவர். இவ்ளோ நீண்ட பயணத்துக்கு அனுப்பற போட்டுக்கு கொஞ்சம் வயசானவங்களைப் போட்டாங்க, அதுவும் நாள் ஆக ஆக முடியாம போச்சு.

பினாங்குக்கு எதிரா இருந்த பேஸ் திருகோணமலை. அங்க இருந்து பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் வந்து மலாக்கா நீரிணையில காத்துக்கிட்டு நிக்கும். பிஸ்கேல விமானம் செஞ்ச வேலையை இங்க இதுங்க செஞ்சுச்சு. யு-859 கீல்ல இருந்து 1944 ஏப்ரல்ல கெளம்பி, ஆப்பிரிக்காவை சுத்தி, அஞ்சு மாசத்துக்கு மேல கடல்லயே கெடந்து, செப்டம்பர் 23ஆம் தேதி பினாங்குக்கிட்ட வந்து, இன்னும் கொஞ்ச நேரத்துல கரைங்கற எடத்துல ட்ரென்ஷன்ட்ங்கற பிரிட்டிஷ் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவுல போச்சு. 47 பேர் செத்தாங்க, 20 பேர் தப்பிச்சாங்க, அதுல சிலர் மூழ்கிக் கெடந்த போட்டுக்குள்ள இருந்தே வெளிய வந்து மேல நீந்துனவங்க. ட்ரென்ஷன்ட் ஆளுங்களே சிலரைத் தூக்கி ஏத்துனாங்க, மீதிப் பேரை மறுநாள் ஜப்பான்காரங்க எடுத்தாங்க. அடிச்ச கேப்டன் ஹெஸ்லெட்டுக்கு 30 வயசு, போட்டோட போன யு-859 கேப்டன் யெப்சனுக்கு 28.