உழுந்து விலையை எதை வைத்துக் கணிப்பது? வன்னி உறவுகளிடம் ஓர் உதவி

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வவுனியா மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கம் காலபோகத்தில் (மாரி மழைப் பருவத்தில்) உழுந்து செய்கிறோம். இம்முறை வந்த வியாபாரி, முற்றத்துப் படங்கில் காய்ந்துகொண்டிருந்த உழுந்தில் ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். மறுநாள், பக்கத்துக் காணியிலும் அறுவடை முடிந்துவிட்டதென்று அதைக் குறைத்தார். அவரைக் குறைகூறுவதற்கில்லை. வாங்குபவர் இரண்டொருவரே உள்ள சந்தையில் ஒரு லொறிச் சரக்கே விலையை அசைத்துவிடும். நெல்லைப் போல நாளாந்தம் பலர் வாங்கி விற்காததால், சொல்லப்படுவது ஊரின் விலையா, ஒருவரின் விலையா என்று பிரித்தறிய முடிவதில்லை.

உலக அளவிலும் இது ஒடுங்கிய சந்தைதான்: அதிகம் விளைவிப்பதும் உண்பதும் இந்தியா, அதற்குப் பெருமளவில் விற்பது மியன்மார். பின்னொரு நாளில் கொடுக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசி, வருங்கால விலையைக் காட்டக்கூடிய முன்பேர வர்த்தகத்தையும் 2007 ஜனவரியில் உழுந்துக்கும் துவரைக்கும் இந்தியா நிறுத்தியது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பகுதிகளில் எவரேனும் விற்ற விலையை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறீர்களா? எத்தனை கிலோ கைமாறியது என்பதும் வேண்டும், ஏனெனில் 50 கிலோவுக்குச் சொன்ன விலை 5,000 கிலோவுக்கு நிற்காது. பலர் சேர்ந்து, தம்புள்ளை, கொழும்பு வியாபாரிகளிடம் ஒரே நாளில் விலை கேட்டவர்கள் இருந்தால் அந்த அனுபவத்தையும், வண்டு விழாமல் இரண்டு மாதம் வைத்திருந்து விற்றது செலவுக்குக் கட்டியதா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.