நான் போன ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் போட்டது என் தோழி

ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாசம், பசங்க பரீட்சை முடியறதுக்கு முன்னாடியே எனக்கும் என் தோழிக்கும் ஒரு போன் கால் கண்டிப்பா உண்டு. காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தப்ப ஆரம்பிச்ச பழக்கம், லீவுக்கு எங்க போறீங்க, யார் யார் வர்றாங்க, எத்தன நாளு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லியாகணும். போன வருஷம் மட்டும் எனக்கு போன் எடுக்கவே மனசு வரல. அவ மாமியார் கீழ விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு படுக்கையில இருந்தாங்க, அவ வாசப்படி தாண்டினதே மெடிக்கல் ஷாப்புக்கும் ரேஷன் கடைக்கும்தான். அவகிட்ட போய் நாங்க ஊட்டி போறோம்னு எந்த வாயால சொல்றது? இந்த தடவ எங்கயும் போகலடின்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன்.

அவளே கூப்பிட்டா. நான் சுத்தி வளைச்சு பேசினத கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "ஏன்டி வார்த்தைய முழுங்குற, எங்க போறன்னு சொல்லு. நீ மறைச்சாதான் எனக்கு கஷ்டமா இருக்கும்"னா. சொன்னேன். மேட்டுப்பாளையத்துலேர்ந்து மலை ரயில்ல போகணும்னு பசங்களுக்கு ஆசை, ஆனா மே மாசத்துல டிக்கெட் எங்க கிடைக்கப் போகுதுன்னு இழுத்தேன். அவ்ளோதான், அந்த நிமிஷத்துலேர்ந்து அது அவ பிளான் ஆயிடுச்சு.

60 நாளைக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன் திறக்கும், காலைல 8 மணிக்கு. மலை ரயில்ல சீட்டே கம்மி, லீவு சீசன்ல கண்ண மூடி திறக்கறதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட் வந்துடும். ஆளுக்கொரு போன்ல ட்ரை பண்ணுவோம்னு சொல்லி எங்க நாலு பேர் பேரு வயசெல்லாம் முந்தின நாள் ராத்திரியே வாங்கி வச்சுக்கிட்டா. 8 மணிக்கு என் போன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, 8:04க்கு அவகிட்டேர்ந்து மெசேஜ், நாலும் கன்ஃபர்ம். ஒரு கையால அத்தைக்கு கஞ்சி ஊட்டிக்கிட்டே இன்னொரு கையால போட்டிருக்கா. அவ ஏறப் போகாத ரயிலுக்கு அவ போட்ட டிக்கெட். எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு. பதிலுக்கு அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, "போட்டோ வேணாம்டி, அது நெட்ல ஆயிரம் கெடக்கு. எனக்கு அந்த சத்தத்த அனுப்பு."

காலைல 7:10க்கு வண்டி கிளம்புச்சு. கல்லாறு தாண்டினதும் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு பல்லா ஒரு இரும்புப் பட்டை வரும், இன்ஜினோட பல்சக்கரம் அத கடிச்சு கடிச்சுத்தான் மேல ஏறும், சில எடத்துல 12 அடி போனா 1 அடி ஏத்தம். இன்ஜின் முன்னாடி இழுக்கறதில்ல, பின்னாடியிருந்து தள்ளுது. அங்க வந்ததும் சத்தமே மாறிடுது, அதுவரைக்கும் தடக் தடக்னு போனது திடீர்னு சுமை தூக்கறவர் முக்கற மாதிரி கர்ர்ர்ருன்னு அடிவயித்துலேர்ந்து வருது. ஜன்னலுக்கு வெளில போன நீட்டி ரெக்கார்ட் பண்ணேன், போன் விழுந்துடப் போகுதுன்னு வீட்டுக்காரர் என் மணிக்கட்ட பிடிச்சுக்கிட்டே வந்தார். பெட்டிக்கு முன்னாடி கொடியோட நிக்கற பிரேக்மேன் பின்னாடி திரும்பி காட்டற சைகை, மொத்தம் 16 டனல், ஒவ்வொரு டனல் வந்தாலும் பெரியவங்க சின்னவங்க எல்லாரும் சேர்ந்து ஹோன்னு கத்தறது, அதையும் விடாம எடுத்தேன். ஹில்குரோவ்ல இன்ஜினுக்கு தண்ணி பிடிக்க நின்னப்போ ஒரு குரங்கு என் சின்னவன் கைலேர்ந்து பிஸ்கட் பாக்கெட்ட பிடுங்கிட்டு ஓடிடுச்சு, அவன் அழுத அழுகையும் உள்ள இருக்கு.

வழியில டவரே இல்ல. குன்னூர்ல நீராவி இன்ஜின கழட்டிட்டு டீசல் இன்ஜின் மாட்டினாங்க, அப்பதான் பதினோரு வாய்ஸ் நோட்டும் ஒட்டுமொத்தமா போச்சு. ராத்திரி அவ பேசினா. டிவி போட்டாலே நிறுத்துன்னு சொல்ற அத்தை, டனல் சத்தத்த மட்டும் மூணு தடவ போடச் சொல்லி கேட்டாங்களாம். "அதுல எத்தன புள்ளைங்கடி இருக்கு"ன்னு கேட்டாங்களாம்.

—

படிச்சதும் என் நண்பன் ஞாபகம் வந்துடுச்சுங்க. அவன் பெங்களூர்ல, நான் கோயமுத்தூர்ல. நாலு வருஷத்துக்கப்புறம் ரெண்டு குடும்பமும் ஊட்டில சேரலாம்னு ஒரு மாசம் முழுக்க பேசினோம், எந்த ரூம், தொட்டபெட்டாவுக்கு எந்த நாள், எல்லாம். கார்ல போறதால இ-பாஸ் எடுக்கணும்னு கூட ஞாபகப்படுத்தினேன், 2024 மே 7லேர்ந்து அது கட்டாயம் ஆச்சே. ஆனா எத்தன மணிக்கு கிளம்பறன்னு மட்டும் கேக்கல. பந்திப்பூர் காட்டு ரோட்ட ராத்திரி 9 மணிக்கு மூடிடுவாங்க, காலைல 6 மணிக்குதான் திறப்பாங்க, மிருகங்க அடிபடாம இருக்கணும்னு 2009லேர்ந்தே இருக்கற தடை. அவன் செக்போஸ்ட் போய் சேர்ந்தது 9:10. திரும்பி குண்டல்பேட்டைல ஒரு லாட்ஜ்ல தங்கிட்டு எனக்கு போன் பண்ணான், பசங்க தூங்கினப்புறம் ராத்திரி 1 மணி வரைக்கும் பேசினோம், அவ்ளோ நேரம் நாங்க பேசி வருஷக்கணக்கா ஆச்சு. விடிஞ்சு கேட் திறந்ததும் முதல் ஆளா உள்ள போயிருக்கான், ரோட்டோரம் ஒரு யானையும் குட்டியும் நின்னுச்சாம், அத அவன் சொல்லும்போது குரலே மாறிப்போச்சு. யாராவது அந்தப் பக்கமா வர்றீங்கன்னா கிளம்பற நேரத்த மொதல்ல பேசிக்குங்க.

—

சார், யானையும் குட்டியும்னு படிச்சதும் என் சின்னவன் அடுத்த தடவ அந்த ரோட்லதான் போகணும்னு நிக்கறான். ஆனா இந்த வருஷமும் ரயில்தான். அவ அத்தை இப்ப வாக்கர் பிடிச்சு நடக்கறாங்க, நாத்தனார் ஒரு வாரம் வந்து கூட இருக்கேன்னு சொல்லிட்டாங்க. லிஸ்ட்ல எங்க நாலு பேரோட அவளும் அவ பொண்ணும், மொத்தம் ஆறு. இந்த தடவயாவது நான் போடறேன்டின்னேன், கேக்கவே மாட்டேங்கறா. வர்ற வியாழக்கிழமை காலைல 8 மணிக்கு அவதான் போடப் போறா.