மேலத்தெரு வீடு: அம்மாவின் குளியலறை (குடும்பக் குழு உரையாடல்)

செல்வி: இங்கே புனலூரில் அம்மாவுக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். முழங்கால் நன்றாக மடங்குகிறது. ஆனால் தரையில் உட்காரவே கூடாது, குத்துக்காலிடவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனி பிறந்ததும் செங்கோட்டை வீட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மா இப்போதே பையை எடுத்துவைத்துவிட்டாள். அதற்குள் பின்கட்டுக் குளியலறையை மாற்றியாக வேண்டும்.

செல்வி: தம்பி, கொத்தனாரிடம் கேட்டாயா?

கணேசன்: கேட்டேன். 1,10,000. மொத்தக் குத்தகை.

முருகன்: ஒரு குளியலறைக்கா?

கணேசன்: ஆமாம்.

கோமதி: மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். இரண்டடிக்கு நாலடி டைல்ஸ். சலவைக்கல் போலவே இருக்கிறது. தரைக்கும் சுவருக்கும் ஒன்றே போட்டால் அழகாக இருக்கும். செய்வதை ஒரே தடவையில் நன்றாகச் செய்துவிடலாம்.

மீனா: அழகாக இருக்கிறது அக்கா.

சுப்பையா சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். கணேசா, குத்தகைத் தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தால் போதாது. அதில் எது சேரும், எது சேராது என்று எழுதி வாங்க வேண்டும். கழிப்பறைக் கோப்பையும் குழாயும் அவர் வாங்குகிறாரா, நாம் வாங்கிக் கொடுக்கிறோமா? இடித்த கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போவது யார் பொறுப்பு? நம் பின்கட்டுச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அந்தப் பூச்சின் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் நிற்காது, பூச்சோடு சேர்ந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். முழுவதையும் கொத்தி எடுத்துச் சிமெண்டு பூசிய பிறகுதான் டைல்ஸ். இதைக் கொத்தனார் கணக்கில் எடுத்திருக்கிறாரா? எடுக்கவில்லை என்றால் பாதி வேலையில் கையை விரிப்பார்.

கணேசன்: கேட்கிறேன்.

முருகன்: சித்தப்பா, மொத்தத்தில் எவ்வளவு ஆகும்? அதை மட்டும் சொல்லுங்கள்.

சுப்பையா சித்தப்பா: தொகையை மட்டும் சொன்னால் நீ நம்ப மாட்டாய். கணக்கோடு எழுதுகிறேன்.

தர்ஷினி: குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதா? அருவியில் தண்ணீர் விழுகிறதா? நானும் என் தோழிகளும் வரலாம் என்று இருக்கிறோம்.

மீனா: காற்றுதான் அடிக்கிறது. சாரல் இன்னும் இல்லை. வா தர்ஷினி, ஆனால் குளியலறை இடித்துக் கிடக்கும்.

தர்ஷினி: அருவியிலேயே குளித்துக்கொள்கிறோம் சித்தி.

சங்கரன்: வந்தால் பிரானூர் பார்டரில் புரோட்டா வாங்கித் தருவது என் பொறுப்பு.

சுப்பையா சித்தப்பா: சாரலைப் பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. சாரல் இறங்கிவிட்டால் பூச்சு காயாது. ஈரச் சுவரில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு பிடிக்காது. வேலையைச் சாரலுக்கு முன் தொடங்க வேண்டும், இல்லையென்றால் ஆவணி வரை பொறுக்க வேண்டும்.

செல்வி: ஆவணி வரை அம்மா பொறுக்க மாட்டாள்.

சுப்பையா சித்தப்பா: கணக்குக்கு வருகிறேன். அறை 8-க்கு 5 அடி. தரை 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி, 7 அடி உயரத்துக்குச் சுவர் 182. கதவைக் கழித்தால் 165. ஆக மொத்தம் 205. வெட்டும்போது உடைவதற்கும் பின்னால் ஒன்றிரண்டு மாற்றுவதற்கும் 10 விழுக்காடு சேர்த்து 225 சதுர அடி வாங்க வேண்டும். மிஞ்சுவதை மச்சில் பத்திரமாக வை. நாலு வருடம் கழித்து ஒரு டைல்ஸ் உடைந்தால் அதே நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. சாதாரண டைல்ஸ் போட்டால் 12,000 ஆகும். ஒட்டுகிற கூலி, பசை, இடுக்கு அடைக்கும் கலவை எல்லாம் சேர்ந்து 15,000. டைல்ஸ் விலையைவிட ஒட்டுகிற செலவுதான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். கோமதி, நீ அனுப்பிய டைல்ஸ் சுவருக்கு நன்றாகத்தான் இருக்கும். தரைக்கு வேண்டவே வேண்டாம் அம்மா. சோப்புத் தண்ணீர் பட்டால் பளபளப்பு டைல்ஸ் வழுக்கும். தரைக்குச் சொரசொரப்பானது, ஓரடிக்கு ஓரடி போதும். சிறிய டைல்ஸ்தான் வாட்டத்துக்கு, அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவுக்கு, வளைந்து கொடுக்கும். இரண்டடிக்கு நாலடியைப் போட்டு நாலு பக்கமிருந்தும் தண்ணீரை ஒரு ஓட்டைக்குக் கொண்டுவர முடியாது.

கோமதி: சரி சித்தப்பா. சுவருக்காவது அதைப் போடலாமே.

சங்கரன்: டைல்ஸ் புனலூரில் வாங்கித் தரட்டுமா? தெரிந்த கடை.

முருகன்: மாப்பிள்ளை, கேரளாவில் வரி குறைவா?

சுப்பையா சித்தப்பா: அதெல்லாம் அந்தக் காலம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு எல்லையில் இருக்கிற புளியரைக்கு அந்தப் பக்கம் ஒரு வரி, இந்தப் பக்கம் ஒரு வரி என்பது போய்விட்டது. டைல்ஸுக்கு இரண்டு பக்கமும் 18 விழுக்காடுதான். சிமெண்டுக்கு 28 ஆக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைத்தார்கள், அதுவும் நாடு முழுவதற்கும்தான். பழைய சிமெண்டு விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கொத்தனார் கணக்குச் சொன்னால் கேள்வி கேளுங்கள். புனலூரிலிருந்து ஆரியங்காவு மலைப்பாதையில் வண்டி வாடகை கொடுத்து, உடைந்ததையும் நாமே சுமப்பதைவிடத் தென்காசியில் வாங்குவது மேல். அங்கே மிஞ்சிய முழுப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

சங்கரன்: அப்படியே செய்யுங்கள் மாமா.

தென்காசி அத்தை: வெந்நீருக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? அடுப்பையும் இடிக்கிறீர்களா?

கணேசன்: கீசர்.

செல்வி: அத்தை, அந்த அடுப்பின் மேல் இருந்த செம்புத் தவலை எங்கே?

தென்காசி அத்தை: அது என் அம்மாவின் தவலை. அண்ணன் இருக்கும்போதே என்னிடம் கொடுத்துவிட்டான்.

முருகன்: ஈயம் பூசுவதற்காகக் கொண்டுபோனதாகத்தான் அப்பா சொன்னார்.

தென்காசி அத்தை: ஈயம் பூச நான் கொடுத்த காசை யார் தந்தார்கள்? உங்கள் சித்தப்பாவையே கேளுங்கள்.

சுப்பையா சித்தப்பா: அக்கா, தவலை உன்னிடமே இருக்கட்டும். கீசருக்கு வருகிறேன். வாளியில் பிடித்துக் குளிப்பதற்கு 3 லிட்டர் சரிப்படாது. 15 லிட்டர் வேண்டும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனிக் கம்பியும் போட வேண்டும். அதோடு மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவி, 30 மில்லி ஆம்பியர் உணர்திறன் உள்ளது, கட்டாயம் வேண்டும். நம் வீட்டில் அது இல்லை. ஈரக் கையோடு நிற்கிற இடம் அது. இதற்கெல்லாம் 15,000 எழுதிக்கொள்ளுங்கள்.

முருகன்: சித்தப்பா, தொகை.

சுப்பையா சித்தப்பா: வருகிறேன் முருகா. இடிப்பும் கழிவு அகற்றுவதும் 9,000. சிமெண்டு, எம்-சாண்ட் என்கிற செயற்கை மணல், பூச்சுக் கூலி 16,000. பழைய இரும்புக் குழாய் உள்ளே துருவேறி அடைத்துக் கிடக்கிறது, அதை வைத்துக்கொண்டு மேலே டைல்ஸ் ஒட்டுவது வீண். குழாய் வேலைக்குப் பொருளும் கூலியும் சேர்ந்து 24,000. வாட்டர்ப்ரூஃப் பூச்சு 8,000. கோப்பை, ஃப்ளஷ் தொட்டி, வாஷ்பேசின் 16,000. குழாய்த் திருகுகளும் ஷவரும் 9,000. கைப்பிடிக் கம்பிகள் 4,000. கதவு 7,000. டைல்ஸும் கீசரும் முன்பே சொல்லிவிட்டேன்.

தர்ஷினி: கூட்டிப் பார்த்தேன். 1,35,000 வருகிறது.

சுப்பையா சித்தப்பா: அதோடு 13,500 தனியாக ஒதுக்கி வையுங்கள். பழைய வீட்டில் தரையைத் தோண்டினால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆக 1,48,500.

முருகன்: கொத்தனார் சொன்னதைவிட 38,500 அதிகம்.

சுப்பையா சித்தப்பா: கொத்தனார் சொன்னதில் கீசரும் கைப்பிடியும் கதவும் இருக்காது, கேட்டுப் பார்.

கணேசன்: இப்போதுதான் போனில் கேட்டேன். இல்லை. சுவர் கொத்துவதும் இல்லை.

மீனா: நாங்கள் ஐந்து பேர் எங்கே குளிப்பது? அதை யாரும் கேட்கவே இல்லை. எத்தனை நாள் ஆகும்?

சுப்பையா சித்தப்பா: மூன்று வாரம். பூச்சு முடிந்து, தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுக் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ். அந்தச் சோதனையை மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் விட்டுவிடாதே மீனா. நீதான் அங்கே இருப்பவள்.

மீனா: எதிர்வீட்டு மாமியிடம் கேட்டு வைக்கிறேன் மாமா.

கோமதி: கைப்பிடிக்கு 4,000 எதற்கு? ஒரு கம்பிதானே?

செல்வி: மதினி, அம்மா ஒரு காலில் பாரம் போட்டுத்தான் எழுந்திருக்கிறாள். இங்கே நான் தினமும் பார்க்கிறேன். அந்தக் கம்பிக்கு நான் தருகிறேன். அதைக் குறைக்க வேண்டாம்.

சுப்பையா சித்தப்பா: செல்வி சொல்வது சரி. துண்டு போடுகிற கம்பியைப் பிடித்தால் சுவரோடு கையில் வந்துவிடும். ஆளின் முழுப் பாரத்தையும் தாங்குகிற கம்பி தனி. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், கோப்பைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று. எங்கே வரும் என்று டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே குறித்துவிட வேண்டும். கோப்பையின் உட்காரும் உயரம் 17, 18 அங்குலம் இருக்கட்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. முற்றத்திலிருந்து அரையடிப் படி இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு 6 அடி நீளத்துக்குச் சாய்தளம் போடுங்கள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு போக அதுதான் சரி.

கணேசன்: கதவுப் பலகை பிரானூர் மில்லில் சொல்லியிருக்கிறேன்.

சுப்பையா சித்தப்பா: வேண்டாம். ஈரத்தில் மரம் ஊறும். பிவிசி கதவு போதும். 7,000-ல் பாதி மிச்சம்.

முருகன்: சரி. பாதியை நான் தருகிறேன். மீதியைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் இருக்கிறவன் அவன்தானே.

கணேசன்: அம்மாவுக்குத்தானே செய்கிறோம்?

முருகன்: மாடித் தளம் போட்டபோது முழுப் பணமும் நான்தான் கொடுத்தேன். அதை நினைவில் வை.

கணேசன்: அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவையும் நினைவில் வைக்கலாம்.

கோமதி: பத்திரம் இன்னும் தாத்தா பெயரில்தானே இருக்கிறது.

கோமதி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தென்காசி அத்தை: நான் பார்த்துவிட்டேன். அந்தப் பத்திரம் திருவிதாங்கூர் காலத்தது. 1956-இல் செங்கோட்டை மதராஸ் மாநிலத்துக்கு வந்தபோது கூட அந்த வீட்டில் யாரும் பங்கு பேசியதில்லை.

செல்வி: போதும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதுகிறார்கள் படித்துக் காட்டு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் எதைப் படிப்பது?

செல்வி: குரல் செய்தி 0:42

முருகன்: அலுவலகத்தில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. என்ன சொன்னாள்?

செல்வி: சுவரில் எந்த டைல்ஸும் போடுங்கள், மேற்குப் பக்க ஜன்னலை அடைக்காதீர்கள் என்கிறாள். அப்பா போட்ட துவைகல்லை எடுக்கக் கூடாதாம். கல்லை எடுத்தால் வரவே மாட்டேன், புனலூரிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறாள். செலவில் தன் பென்ஷனிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

முருகன்: அம்மா பணத்தைத் தொட வேண்டாம்.

கணேசன்: வேண்டாம்.

சங்கரன்: அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

மீனா: துவைகல் இருந்தால் வாஷ்பேசின் எங்கே வைப்பது மதினி?

சுப்பையா சித்தப்பா: கல்லை முற்றத்துக்கு நகர்த்தலாம், உடைக்க வேண்டாம். வாஷ்பேசினைக் கதவை ஒட்டிய மூலையில் வைக்கலாம். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் கேளுங்கள். குளிக்கிற பக்கம் மட்டும் 7 அடிக்கு டைல்ஸ், மற்ற பாதிச் சுற்றுக்கு 4 அடி போதும், மேலே பெயிண்ட். அதில் 4,000-க்கு மேல் மிச்சம். ஷவர் இல்லாமல் வாளியும் நாற்காலியும் போதும் என்றால் அதிலும் கொஞ்சம். ஆனால் தரைக்குள் புதைவது எதிலும் கை வைக்காதீர்கள். குழாய், வாட்டர்ப்ரூஃப், வாட்டம். 8 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு வர வேண்டும். தண்ணீர் ஒரு மூலையில் தேங்கினாலும் பாசி பிடிக்கும், அந்த மூலையில்தான் உங்கள் அம்மா கால் வைப்பாள். டைல்ஸ் அழகில்லை என்றால் பிறகு மாற்றலாம். கீழே இருப்பதை மாற்ற மறுபடியும் எல்லாவற்றையும் இடிக்க வேண்டும்.

கோமதி: சுவருக்கு நான் சொன்னதையே போடுங்கள் சித்தப்பா. விலை வித்தியாசத்தை நான் தருகிறேன்.

சுப்பையா சித்தப்பா: தாராளமாகப் போடலாம் அம்மா.

செல்வி: கைப்பிடி, கோப்பை இரண்டும் என் கணக்கு.

முருகன்: பங்கு எப்படி என்று சனிக்கிழமை போனில் பேசுவோம். குழுவில் வேண்டாம்.

கணேசன்: சரி அண்ணா.

மீனா: வியாழக்கிழமை காலை கொத்தனார் அளவெடுக்க வருகிறார். முன்பணம் 20,000 கேட்கிறார்.

சுப்பையா சித்தப்பா: எழுதி வாங்காமல் கொடுக்காதே. கால்வாசிக்கு மேல் முன்பணம் கூடாது, மீதியை வேலை முடிய முடியக் கொடு. புதிய கோப்பை வாங்குவதற்கு முன், சுவரிலிருந்து கழிவு இறங்கும் ஓட்டையின் நடுப்புள்ளி வரை அளக்கச் சொல். 9 அங்குலக் கோப்பையா, 12 அங்குலமா என்பது அதில்தான் இருக்கிறது. பூச்சும் டைல்ஸும் வந்தால் ஒன்றரை அங்குலம் உள்ளே வரும், அதையும் கழிக்க வேண்டும். நானே வருகிறேன்.

சங்கரன்: காலையிலேயே வாருங்கள் மாமா. புனலூரில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

தென்காசி அத்தை: மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். தவலையை வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள், தர மாட்டேன்.

செல்வி: 10,000 மீனாவுக்கு அனுப்பிவிட்டேன்.

மீனா: வந்துவிட்டது மதினி. மீதி 10,000?

கணேசன்: அண்ணா?

முருகன்: சனிக்கிழமை.

கணேசன்: கொத்தனார் வருவது வியாழக்கிழமை.