லாஞ்சரான்ல ரம்பம் இறங்கிடுச்சு, ஒட்டிச் சரி பண்ணலாமா இல்ல மாத்தியே ஆகணுமா?

மரத்தூள்:
எல்லாருக்கும் வணக்கம். விஸ்கான்சின்ல மேடிசன் பக்கம் இருக்கேன், வீட்டு கராஜ்ல பீட்டன்போல் ஏர் கேம்பர்ங்கற சின்ன விமானத்த கட்டிட்டு இருக்கேன், முழுக்க மரம், ஸ்ப்ரூஸ். ஃபியூசலாஜோட, அதாவது விமான உடம்போட, முதல் பக்கம் ஒட்டி முடிச்சு மேஜையில படுத்த மேனிக்கு இருக்கு, ரெண்டாவது பக்கம் இன்னும் தொடங்கல. சட்டம் ஆடாம இருக்க மேல குறுக்கால ஒரு தற்காலிகக் கட்டை கிளாம்ப் பண்ணி வச்சிருந்தேன். நேத்து ராத்திரி அது இடைஞ்சலா இருக்குன்னு இழுப்பு ரம்பத்தால அதோட நுனிய அறுத்தேன், கட்டை அறுந்ததும் கை நிக்கல, அதுக்கு அடியில இருந்த மேல் லாஞ்சரான்ல (ஃபியூசலாஜ் நீளத்துக்கும் ஓடுற மேல் பக்கச் சட்டம்) நேரா இறங்கிடுச்சு. ஆழம் அளந்து பாத்தேன், 3/16 இன்ச். லாஞ்சரான் 1 இன்ச் சதுரம். வால் பக்கத்துலேருந்து எண்ணினா மூணாவது நிமிர் சட்டத்துக்கு 2 இன்ச் முன்னாடி. நாலு மாச வேலை, ராத்திரி தூக்கமே வரல. வெட்டுக்குள்ள எபாக்ஸி நிரப்பி ரெண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டினா போதுமா? நான் யூஸ் பண்ற பசை டி-88, அதுவும் எபாக்ஸிதான்.

ரன்வே27:
ப்ரோ ரொம்ப பயப்படாதீங்க. எபாக்ஸில பஞ்சுத்தூள் கலந்து கெட்டியா நிரப்பிட்டு மேல 3 மில்லி பிர்ச் பிளை ஒட்டிடுங்க, எபாக்ஸி மரத்தவிட ஸ்ட்ராங் தானே.

வால்சக்கரம்:
இல்லங்க, இந்த யோசனை வேண்டாம், ரன்வே27 தப்பா நினைக்காதீங்க. எபாக்ஸி ஸ்ட்ராங்தான், ஆனா மரத்துல இழுவையத் தாங்குறது நீளமா ஓடுற நார், அந்த நார்தான் இப்ப அறுந்திருக்கு. நிரப்பினா ஓட்டை மூடும், அறுந்த நார் முழு பலத்தோட திரும்ப வராது. கணக்கு பாருங்க, 1 இன்ச்சுல 13/16 மிச்சம், அப்ப குறுக்குப் பரப்புல 19 சதவீதம் போச்சு, அந்தப் பக்கமா வளையுற பலம் ஆழத்தோட வர்க்கத்துல குறையும், அதாவது 0.66, மூணுல ஒரு பங்கு காலி. போதாததுக்கு ரம்ப வெட்டோட அடி மூலை கூரா இருக்கும், விரிசல் அங்கேருந்துதான் ஆரம்பிக்கும். பறக்கும்போது வால் கீழ அமுங்குற லோடுல மேல் லாஞ்சரான் இழுபடும், இறங்கும்போது வால் சக்கரம் தரையில முட்டினா அதே மரம் நசுங்கும், மாறி மாறி. அதுவும் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சின் போடப்போறீங்கன்னா அதிர்வு வேற.

மரத்தூள்:
மாடல் ஏ தான் அண்ணா. 1929ல மினசோட்டா செர்ரி குரோவ்ல இத டிசைன் பண்ண பீட்டன்போல் அதே எஞ்சின வச்சுத்தானே பறந்தாரு, அத வச்சே கட்டணும்னுதான் ஆரம்பிச்சேன். அப்போ முழு பக்கத்தையும் தூக்கிப் போடணுமா?

பழைய தச்சன்:
தம்பி, தூக்கிப் போடாதீங்க. மரத்துல இதுதான் நல்ல விஷயம், சாய்வா வெட்டி ஒட்டுற ஸ்கார்ஃப் இணைப்புன்னு ஒண்ணு இருக்கு, ஒழுங்கா பண்ணா புது மரத்துக்குப் பக்கத்துல வந்துடும். சாய்வு 12க்கு 1, அப்ப உங்க 1 இன்ச் சட்டத்துக்கு ஒட்டுற முகம் 12 இன்ச் நீளம். நடுவுல துண்டு வைக்கப் பாக்காதீங்க, அப்ப ரெண்டு ஸ்கார்ஃப் ஆயிடும். வெட்டு வால் பக்கத்துலதான இருக்கு, அங்கேருந்து கடைசி வரைக்கும் புதுசா போட்டா ஒரே ஸ்கார்ஃப் போதும். அந்த இடத்துல ரெண்டு நிமிர் சட்டத்துக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி?

மரத்தூள்:
20 இன்ச்.

பழைய தச்சன்:
நல்லதாப் போச்சு. மூணாவது நிமிர் சட்டத்துலேருந்து 3 இன்ச் முன்னாடி தள்ளி தொடங்கி 15 இன்ச்ல முடிங்க, கஸ்ஸெட் (மூட்டுல ஒட்டுற பிளைவுட் தட்டு) எதுவும் ஸ்கார்ஃப் மேல ஏறாது. ஃபிட்டிங் வர்ற இடத்துல ஸ்கார்ஃப் வரவே கூடாது, அத மட்டும் பிளான்ல பாத்துக்கோங்க. அப்புறம் பழைய சட்டத்த எடுக்க அதுல இருக்கற கஸ்ஸெட் கழட்டுறது. ஹீட் கன்ன மெதுவா காட்டுங்க, எபாக்ஸி சூட்டுல இளகும், மெல்லிசு உளிய உள்ள விட்டு நெம்புங்க, மரம் கருகிடாம. புது கட்டையில நார் ஓட்டம் பாருங்க, 15க்கு 1ஐ விட சாய்வா ஓடினா எடுக்காதீங்க.
சாய்வ கைக்கணக்குல இழைக்காதீங்க, சட்டத்தோட ரெண்டு பக்கமும் 12க்கு 1 சாய்வா ரெண்டு பலகைய கிளாம்ப் பண்ணி, இழைப்புளி அந்தப் பலகை மேலயே ஓடுற மாதிரி வைங்க. கடைசி இழைப்பு கூரான இழைப்புளிதான், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தேய்ச்ச தூள் நார் வாய அடைச்சுடும். ரெண்டு முகத்தையும் சேத்து வச்சுப் பின்னாடி லைட் காட்டுங்க, வெளிச்சம் எங்கயும் வரக்கூடாது. பசை தடவி ஒரு அஞ்சு நிமிஷம் விட்டா குடிச்சுக்கும், அப்புறம் இன்னொரு தடவை தடவுங்க. ரொம்ப இறுக்கினா பசையெல்லாம் வெளிய வந்து இணைப்பு காஞ்சு போயிடும். சாய்வான முகம் வழுக்கிட்டு ஓடும், முனையில தடுப்புக் கட்டை வைங்க.
எல்லாத்துக்கும் முன்னாடி துண்டு மரத்துல சாம்பிள் பண்ணி ஒடைச்சுப் பாருங்க. மரம் ஒடையணும், பசை விடக்கூடாது.

வால்சக்கரம்:
இதோட இன்னொண்ணு, இஏஏ (சொந்தமா விமானம் கட்டுறவங்க சங்கம்) டெக்னிக்கல் கவுன்சிலர் ஒருத்தரக் கூப்பிடுங்க, மெம்பர்ஷிப் இருந்தா வந்து பாப்பாங்க. வெட்டு, ஸ்கார்ஃப், ஒடைச்ச சாம்பிள் எல்லாம் ஃபோட்டோ எடுத்து, கட்டுற வேலைய எழுதி வைக்கிற லாக்ல போடுங்க. மறைக்காதீங்க.

மரத்தூள்:
ரெண்டு வாரம் ஆச்சு, அப்டேட் போடறேன். முதல் சாம்பிள் பசைக் கோட்டுல விட்டுடுச்சு. ஒடைஞ்ச முகத்துல பாதி இடம் கண்ணாடி மாதிரி பளபளன்னு, ஒரு நார் கூட ஒட்டல. நான்தான் பழக்கத்துல உப்புத்தாள் போட்டிருந்தேன், கிளாம்பையும் பலமா முறுக்கியிருந்தேன். இப்ப ஜனவரி, கராஜ் ஜில்லுன்னு கிடக்குது, டி-88 குளிர்லயும் இறுகும்னாலும் ரொம்ப நேரம் எடுக்கும், அதனால ஹீட்டர் வச்சு ரெண்டு நாள் விட்டேன். இழைப்புளி மட்டும் போட்டு மூணு சாம்பிள் பண்ணேன், மூணும் மரத்துல பிஞ்சு வெள்ளை வெள்ளையா நார் நாரா வந்துச்சு, அத கையில வச்சுப் பாத்தப்பத்தான் மூச்சே வந்துச்சு.
அப்புறம்தான் நிஜ சட்டத்துல கை வச்சேன். மேஜையில சட்டத்தப் பிடிச்சு நிக்க வைக்கிற ஜிக் கட்டைங்க அப்படியே இருந்ததால நேர் பிடிக்கிறது ஈஸியா இருந்துச்சு. நூல் கட்டிப் பாத்தேன், முழு நீளத்துக்கும் நூல ஒட்டியே ஓடுது. கவுன்சிலர் சனிக்கிழமை வந்து சாம்பிளையும் ஸ்கார்ஃபையும் பாத்துட்டு, கஸ்ஸெட் ஒட்டலாம்னு சொன்னாரு.

பழைய தச்சன்:
சந்தோஷம் தம்பி. கஸ்ஸெட் ஒட்டுற இடத்துல பழைய பசைய சுரண்டி வெறும் மரம் தெரியுற வரைக்கும் எடுங்க. வார்னிஷ் அதுக்கப்புறம்தான்.

மரத்தூள்:
சரி அண்ணா. இன்னைக்கு ராத்திரி சுரண்ட ஆரம்பிக்கறேன். ஜூலைல பிராட்ஹெட்ல பீட்டன்போல்காரங்க எல்லாம் கூடுவாங்க, யாராவது வந்தா சொல்லுங்க, சாம்பிள் துண்ட கொண்டு வரேன்.