ஆயாவின் பத்து ரூபாய்த் தாள்கள்

பர்மாவிலிருந்து வந்த பெண்களின் சமையலைப் பற்றி ஆளுக்கொன்றாகச் சொல்லிவருகிறீர்கள். சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் விற்ற ஆயாவைப் பற்றி நானும் சொல்லியாக வேண்டும்.

மாலை ஐந்து மணிக்குப் பெரிய அலுமினியப் பேசினோடு வந்து உட்காருவார். நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு பொரித்த எண்ணெய், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு தட்டை. எல்லாவற்றையும் விரல்களால்தான் பிசைவார். கரண்டியால் கிளறினால் அது அத்தோவே இல்லை என்பார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. நூறு ரூபாய்த் தாள் ஒன்றுகூட இரவு அவரிடம் தங்கக் கூடாது. கடையை எடுத்துவைக்கும் நேரத்தில் என்னைப் பெட்டிக்கடைக்கு அனுப்பிப் பத்து ரூபாய்களாக மாற்றிவரச் சொல்வார். கூலியாக ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் கிடைக்கும்.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போதுதான் காரணத்தைக் கேட்டேன். ரங்கூனில் காலை வேளையில் மொய்ங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்றவர் அவர். கணவருக்குத் தமிழர் ஒருவரின் மளிகைக் கடையில் கணக்கு வேலை. 1962 மார்ச்சில் தளபதி நே வின்னின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டு ஆண்டுகள் எப்படியோ ஓடின. 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். அந்த மளிகைக் கடை வாசலிலும் சிப்பாய்கள் வந்து நின்றார்கள். முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார். 'மக்கள் கடை' என்று எண் போட்ட பலகை ஏறியது. கணவருக்கு வேலை போனது. வீடு முழுவதும் ஆயாவின் மொய்ங்காப் பானையை நம்பி நின்றது.

எண்ணெய்க்காக அதே கடை வாசலில் விடியற்காலை நான்கு மணிக்கே வரிசையில் நிற்பாராம். முறை வருவதற்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டால் அன்றைக்கு வியாபாரம் கிடையாது. மீன் விலை ஏற ஏறப் பானையில் மீன் குறைந்து வாழைத்தண்டு கூடியது.

அந்த மே மாதம் பர்மியப் பணமான கியாட்டில் ஐம்பது, நூறு தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஆயா சில்லறையாகச் சேர்த்ததையெல்லாம் நூறு கியாட் தாள்களாக மாற்றித் தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தார். ஒளித்துவைக்க அதுதான் வசதி. நான்கு தாள்கள். கொண்டுபோய்க் கொடுத்தார், ரசீது தந்தார்கள். பணம் வருவதற்குள் இந்தியாவுக்குக் கிளம்பும் கப்பல் வந்துவிட்டது.

நே வின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். இங்கே யார் கேட்கப்போகிறார்கள் ஆயா என்றேன். "பக்கத்தில் தேநீர் குடிக்கிறவன் யார் என்றே தெரியாத ஊரில் இருந்துவிட்டு வந்தேன், கண்ணு" என்றார்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று இங்கேயும் அறிவித்தார்கள். மறுநாள் தெருவே சில்லறைக்கு அலைந்தது. ஆயாவிடம் மாற்ற வேண்டிய தாள் ஒன்றுகூட இல்லை. யாரிடமும் காசு கேட்காமல், "முதலில் சாப்பிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மாலை, வங்கியில் நின்றுவிட்டு நேராக அவரிடம் போனேன். பிசைந்துகொண்டிருந்த கை பேசினுக்குள்ளேயே நின்றது. விரல்களில் புளித்தண்ணீர் சொட்டியது. "இங்கேயும் வரிசையா, கண்ணு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

—

மேலே எழுதிய சகோதரிக்கு: வாழைத்தண்டு பஞ்சத்தால் வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பர்மாவில் மொய்ங்கா என்றாலே மீனும் வாழைத்தண்டும்தான். இங்கே பல கடைகளில் மீன் காணாமல் போய்த் தண்டு மட்டும் மிஞ்சியது. என் மாமியார் அதைச் சொல்லிச் சொல்லி வருந்துவார்.

அவரும் அந்த ஆண்டுகளில் வந்தவர்தான். ரங்கூன் துறைமுகத்தில் சோதனை செய்தவர்கள் தாலியையும் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு சென்னையில் இறங்கினார். மறுபடி தங்கத்தில் தாலி செய்ய ஏழு ஆண்டுகள் ஆயின. அந்த ஏழு ஆண்டுகளும் எங்கள் வீட்டு வாசலில் பேஜோ சுட்டு விற்றார்.