சேனட் ஹவுஸ் வாசலில் சிஷோம் பெயர்ப் பலகை வேண்டுமா?

சேப்பாக்கம் வாசி:
கடற்கரைச் சாலையில் சேப்பாக்கத்தைத் தாண்டும்போது யாரிடமாவது "இந்தக் கட்டடங்களை யார் கட்டினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வெள்ளைக்காரன் கட்டினது" என்பார்கள், அதோடு சரி. அந்த வரிசையில் மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேனட் ஹவுஸ், சேப்பாக்கம் அரண்மனையின் கோபுரம் ஆகிய மூன்றும் ஒரே ஆள் வரைந்தவை. அவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம், 1840-ல் பிறந்தவர். 1864-ல் மதராஸ் அரசு அறிவித்த போட்டியில் இவருடைய வரைபடம் ஜெயித்தது. அடுத்த ஆண்டு, 25 வயதில், இங்கே வந்து சேர்ந்தார். அதன் பிறகு அரசின் ஆலோசகக் கட்டடக் கலைஞராக 1880களின் நடுப்பகுதி வரை இருந்தார். ஊட்டி நீலகிரி நூலகம், லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ், ராஜாஜி சாலை தலைமைத் தபால் நிலையம், பூங்கா நகர் விக்டோரியா பப்ளிக் ஹால் எல்லாம் அவருடையவைதான். இந்த நகரத்துக்கு ஒரு முகம் இருக்கிறது என்றால் அதில் பாதி அவர் வரைந்தது.

அந்தக் கட்டடங்களின் வாசலில் அவர் பெயரைச் சொல்லும் பலகை ஒன்றாவது வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மண்ணடிக்காரன்:
எனக்குச் சம்மதம் இல்லை நண்பரே. காரணத்தைச் சேப்பாக்கம் அரண்மனையிலிருந்தே தொடங்குகிறேன். 1768-ல் நவாப் முகமது அலி வாலாஜா கட்டிய வீடு அது. 1855-ல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்ததும் பட்டத்தையே ஒழித்தார்கள். அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசே வாங்கிக்கொண்டது. அதற்கு அப்புறம்தான் உங்கள் சிஷோம் வருகிறார். அரண்மனையின் இரண்டு பகுதிகளான கலச மகாலுக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் நடுவில் ஒரு சதுரக் கோபுரத்தை நிறுத்தி, வருவாய்த் துறை ஆவணங்களை அடுக்க இடம் செய்து கொடுக்கிறார். நவாபுகளை வெளியேற்றிய அரசு, அவர்களுடைய பாணியையே எடுத்துத் தன் அலுவலகத்துக்குப் போர்த்திக்கொண்டது. "நாங்கள்தான் இனி நவாப்" என்று செங்கல்லில் எழுதிய வேலை அது.

இரண்டாவது, சேனட் ஹவுஸ் கட்டிய காலம். 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்தது. நடுவில் 1876 முதல் 1878 வரை என்ன நடந்தது? தாது வருஷப் பஞ்சம். மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். சேனட் ஹவுஸுக்குப் பின்னால் பறக்கும் ரயில் பாதைக்கு அடியில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறதே, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தத் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினி கிடந்தவர்கள் கூலிக்காக வெட்டிய கால்வாய். முன்புறம் வண்ணக் கண்ணாடி ஜன்னல், பின்புறம் கால்வாய் வெட்டு. பலகை வைப்பதானால் அதையும் எழுதுங்கள்.

நாகர்கோவில்காரன்:
மண்ணடி அண்ணன் சொல்லும் பஞ்சக் கணக்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் "பாணியைப் போர்த்திக்கொண்டார்கள்" என்பதோடு நிறுத்தினால் அந்த ஆளின் வேலையையே பார்க்கவில்லை என்றாகிவிடும்.

அவர் முதலில் செய்தது என்ன? மாநிலக் கல்லூரி. 1870-ல் எடின்பரோ கோமகன் வந்து திறந்து வைத்தார். அது இத்தாலியப் பாணி. நான்கு முக மணிக்கூண்டோடு இன்று தெரியும் ஃபைசன் டோம் பின்னால் சேர்த்தது. ஊட்டி நூலகமோ கோதிக், கூர்வளைவுகள் கொண்ட ஐரோப்பியப் பாணி. அதாவது, லண்டனில் கற்றதை அப்படியே இங்கே இறக்கிய இளைஞர் அவர்.

பிறகு ஆளுநர் நேப்பியர் அவரை மதுரைக்கு அனுப்புகிறார். திருமலை நாயக்கர் மகால் அப்போது இடிந்து கிடந்தது. சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே பெரும்பகுதியைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்ததைப் பழுது பார்க்கும் பொறுப்பு சிஷோமுக்கு. அந்த மகாலின் சொர்க்க விலாசத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே பருத்த தூண், அதற்கு மேல் இதழ் இதழாக விரியும் வளைவு, வளைவுக்கு மேல் சுதையில் யாளி, அதற்கும் மேல் குவிமாடம். 1636-ல் ஓர் இந்து அரசர் கட்டிய வீடு! கோயில் சுதையும் சுல்தான் வளைவும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே மதுரையில் கலந்துவிட்டன. சிஷோம் அந்தக் கலவையைக் கண்டுபிடிக்கவில்லை. ஏணி போட்டு, கிட்டத்தில் போய்ப் பார்த்து, பழுது நீக்கிக் கற்றுக்கொண்டார். சேனட் ஹவுஸ் அதற்குப் பிறகு வந்தது.

அடுத்து திருவனந்தபுரம். நேப்பியர் மியூசியம் 1874-ல் தொடங்கி 1880-ல் முடிந்தது. அங்கே சேப்பாக்கத்துக் குவிமாடத்தைக் கொண்டுபோய் வைக்கவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளின் சரிந்த ஓட்டுக் கூரை, முகப்பில் மரச் செதுக்கல் வைத்த முக்கோண முகடு, மழையைத் தள்ளிவிடும் நீண்ட இறவாரம், இவற்றை எடுத்துத்தான் அந்தக் கட்டடத்தை வரைந்தார். பத்மநாபபுரம் அரண்மனையில் ஒருநாள் சுற்றிவிட்டு மறுநாள் மியூசியத்துக்குப் போனால் எந்தப் பேராசிரியரும் விளக்கத் தேவையில்லை. சித்திரை வெயிலிலும் உள்ளே காற்று நடமாடும். ஊருக்கு ஊர் பாணி மாற்றினவரை ஒரே பெட்டியில் போட்டு மூடாதீர்கள்.

கொத்தனார் மகள்:
எல்லோரும் "வரைந்தார், கட்டினார்" என்கிறீர்கள். வரைந்தவர் வேறு, கட்டியவர் வேறு.

என் அப்பா சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார். சுட்ட கிளிஞ்சலை ஊற வைத்து, மணல் சேர்த்து, செக்கில் ஆட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டுப் பக்குவம் பார்ப்பார். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது, தட்டினால் சறுக்க வேண்டும். அதுதான் பதம். சுவரில் ஏற்றிய பிறகு மணியாஸ் கட்டையால் தேய்த்து, மேல்பூச்சைக் கூழாங்கல்லால் மணிக்கணக்கில் மெழுகுவார். எந்த வரைபடத்திலும் இது இருக்காது. வளைவுக்கு அடியில் கொடுத்த மரச் சட்டத்தை எந்த நாளில் எடுப்பது என்பதும் வரைபடத்தில் இருக்காது. ஒரு நாள் முந்தினால் வளைவு உட்காரும், தலைகள் போகும்.

சேனட் ஹவுஸ் தூண்களின் தலைப்பில் இருக்கிற கல் செதுக்கலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சிற்பக் கை இல்லாமல் அது வராது. அந்தக் கையின் பெயர் எங்கே? சிஷோம் பெயராவது புத்தகங்களில் இருக்கிறது. அவர்களுடையது எங்குமே இல்லை. அதனால் தனியாக அவர் பெயருக்குப் பலகை வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சேப்பாக்கம் வாசி:
அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். 1877 முதல் சில ஆண்டுகள் மதராஸ் கலைத்தொழில் பள்ளியின் தலைமைப் பொறுப்பிலும் சிஷோம் இருந்தார். இன்று எழும்பூர் பக்கம் கவின் கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். மரவேலை, உலோக வேலை, மண்பாண்டம் எல்லாவற்றையும் அங்கே வளர்த்தார். கைவினைஞர்களை மதிக்காதவருக்கு அந்தப் பொறுப்பு எதற்கு?

ஒப்பந்தக்காரர் பெயரும் முழுக்க மறைந்துவிடவில்லை. விக்டோரியா பப்ளிக் ஹாலைக் கட்டி எழுப்பியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம் எல்லாம் அவர் கை பட்டவை. பலகையில் அவர் பெயரையும் போடுவோம்.

பஞ்சம் பற்றி: பஞ்சத்தில் அரசு நடந்துகொண்ட விதத்தை நானும் மன்னிக்கவில்லை. ஆனால் எங்கே எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்தது கோட்டையில் உட்கார்ந்திருந்தவர்கள். வரைபட மேஜையில் இருந்தவர் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

மண்ணடிக்காரன்:
பழி போடவில்லை. பாராட்டுக்குத்தான் கணக்குக் கேட்கிறேன். கட்டடத்தின் பெருமை அவருக்கு, கட்டிய காலத்தின் பாவம் கோட்டைக்கு என்று பிரித்தால் எப்படி?

நாகர்கோவில் தம்பி நேப்பியரைச் சொன்னார். அந்த நேப்பியர் 1870-ல் இந்தியாவின் நவீனக் கட்டடக் கலை பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அரசுக் கட்டடங்களுக்கு வளைவும் குவிமாடமும் கொண்ட முஸ்லிம் பாணிதான் ஏற்றது, தூணும் உத்திரமுமாக நிற்கிற இந்துப் பாணி பெரிய பொதுக் கூடங்களுக்குச் சரிப்படாது என்பது அவர் வாதம். அதாவது, இந்த நாட்டின் கடந்த காலத்தில் எது அலுவலகத்துக்கு, எது கோயிலுக்கு என்று ஆளுநர் பங்கு பிரித்துக் கொடுக்கிறார். சிஷோம் அந்தப் பங்கீட்டைக் கல்லிலும் செங்கல்லிலும் நிறைவேற்றினார். மதுரையில் நாயக்கர் கலந்தது தன் வீட்டுக்கு, தன் விருப்பத்துக்கு. சேப்பாக்கத்தில் கலந்தது ஆள்பவனின் கொள்கைக்கு. இரண்டும் பார்க்க ஒன்றாக இருக்கலாம், ஒன்றல்ல.

பரோடாவில் வேலை:
இங்கேயும் ஒரு சாட்சி இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகிறேன். லட்சுமி விலாஸ் அரண்மனையை மேஜர் சார்லஸ் மாண்ட் 1878-ல் தொடங்கினார். 1881-ல் அவர் இறந்துபோக, சிஷோம்தான் 1890 வரை நடத்தி முடித்தார். கல்லூரிக்கும் அவரே வரைந்தார், இப்போது மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் பெரிய குவிமாடம் இருக்கிறதே, அது. பீஜப்பூரின் பெரிய குவிமாடச் சமாதியான கோல் கும்பாஸைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாயல் உடனே தெரியும். இங்கே அவருக்கு வேலை கொடுத்தது வெள்ளை அரசு இல்லை, கெய்க்வாட் மகாராஜா. அப்போதும் அவர் அதே தீவிரத்தோடுதான் செய்தார். எனவே கொள்கைக்காக மட்டுமே கலந்தார் என்ற வாதம் பரோடாவில் நிற்காது.

இன்னொன்று. கடைசிக் காலத்தில் லண்டன் திரும்பி, ஸ்லோன் டெரஸில் ஒரு தேவாலயம் கட்டினார், 1907-ல் முடிந்தது. இன்று அது கடோகன் ஹால் என்ற இசை அரங்கம். அதில் இருப்பது பைசாந்தியச் சாயல், அதாவது பழைய கிழக்கு ரோமானியப் பேரரசின் பாணி. சேனட் ஹவுஸிலும் அதே சாயல் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. 1915-ல் இறந்தார்.

மண்ணடிக்காரன்:
சுதேச மன்னர்களின் அரசவையில் ரெசிடெண்ட் என்ற ஆங்கிலேய அரசின் பிரதிநிதி யார், யாருடைய ஆலோசனை யார் காதில் விழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கெய்க்வாட் பட்டத்துக்கு வந்ததே முந்தைய மன்னர் மல்ஹார் ராவை ஆங்கிலேயர் இறக்கிய பிறகு, 1875-ல். அந்த அரண்மனையை முழுக்கச் சுதந்திரமான ஒருவரின் ஆசை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாகர்கோவில்காரன்:
அப்படிப் பார்த்தால் அந்தக் காலத்தில் யாருமே சுதந்திரமாக ஒரு சுவர்கூட எழுப்பவில்லை என்று ஆகும். திருவிதாங்கூரில் ஏற்கெனவே நின்ற பழைய மியூசியத்தை இடித்துவிட்டுத்தான் இதைக் கட்டினார்கள். விறைப்பான பெட்டி மாதிரி ஒன்றை மறுபடி கட்டியிருந்தால் கேட்க ஆள் இல்லை. உள்ளூர் தச்சுவேலையைத் தேடிப் போகச் சொல்லி எந்தக் கொள்கையும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நேப்பியர் உரை சொன்ன முஸ்லிம் பாணியை அங்கே அவர் பின்பற்றவும் இல்லை. உங்கள் பங்கீட்டு வாதம் எங்கள் ஊரில் எடுபடாது அண்ணா.

கொத்தனார் மகள்:
பெயரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், கட்டடம் நின்றால்தானே பெயர்? தபால் நிலையம் 2000-ல் எரிந்தது. 2012 ஜனவரியில் கலச மகால் எரிந்து, அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரையே விட்டார். கூரை விழுந்து பல காலம் வானம் பார்த்துக் கிடந்தது. பிறகு பொதுப்பணித் துறை சுண்ணாம்பு வைத்தே புதுப்பித்தது, அது பாராட்ட வேண்டிய வேலை.

ஆனால் சின்னச் சின்னப் பழுதுகளுக்கு எல்லா ஊரிலும் பழைய சுவரில் சிமெண்ட்டைப் பூசுகிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்கு ஈரம் உள்ளே போகும், வெளியே வரும். மேலே சிமெண்ட் போட்டால் ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளே உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். கடல் காற்று அடிக்கும் மெரினாவில் கேட்கவே வேண்டாம். மனு கொடுப்பதானால் முதல் வரியாக இதை எழுதுங்கள்: இந்த வரிசையில் எந்தப் பழுதுக்கும் சிமெண்ட் பூச்சு கூடாது, சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார்களை வைத்தே செய்ய வேண்டும், அவர்களுக்கு அந்தக் கைத்திறனுக்கு உரிய கூலி கொடுக்க வேண்டும்.

மண்ணடிக்காரன்:
இந்த வரிக்கு என் கையெழுத்து உண்டு. பலகை விஷயத்தில் நான் மாறவில்லை. வைத்தே தீருவதானால் என் வாசகம் இது: "1874 முதல் 1879 வரை, தாது வருஷப் பஞ்சத்தின் நடுவே, பெயர் தெரியாத கொத்தனார்களும் கல்தச்சர்களும் எழுப்பிய கட்டடம். வடிவமைப்பு: ராபர்ட் சிஷோம்." இந்த வரிசையில்.

சேப்பாக்கம் வாசி:
"பஞ்சத்தின் நடுவே" இருக்கட்டும், அது உண்மை. கொத்தனார்களும் கல்தச்சர்களும் முதலில் வரட்டும், அதுவும் சரி. ஆனால் சிஷோம் பெயரைக் கடைசியில் ஒரு சொல்லாக ஒட்டவைக்க ஒப்ப மாட்டேன். மதுரை மகாலைப் பழுது பார்த்தவர் என்ற ஒரு வரி அவர் பெயரோடு வர வேண்டும். அது இல்லாமல் சேனட் ஹவுஸ் ஏன் இப்படி இருக்கிறது என்று படிப்பவருக்கு விளங்காது. மனுவின் வரைவை இன்று இரவு இங்கேயே போடுகிறேன். சிமெண்ட் பற்றிய பத்தியை அம்மா எழுதிக் கொடுத்தால் அப்படியே சேர்த்துவிடலாம்.

கொத்தனார் மகள்:
எழுதித் தருகிறேன். அப்பாவிடம் பதம் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அனுப்புகிறேன்.

மண்ணடிக்காரன்:
மதுரை வரியைச் சேர்த்தால், சேப்பாக்கம் அரண்மனை வாசலில் வைக்கும் பலகையில் ஏலத்தைப் பற்றிய வரியும் வர வேண்டும். வரைவில் அது இல்லையென்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.