குழந்தையின் பதற்றத்துக்குப் பெற்றோர் மட்டும் சிகிச்சைக்குப் போனதுண்டா?

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. தனியாகத் தூங்க மாட்டாள், நான் பக்கத்து அறைக்குப் போனாலே பின்னால் வருவாள், பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி. உடம்பில் ஒன்றுமில்லை, இது பிரிவுப் பதற்றம் என்று மருத்துவர் உளவியல் சிகிச்சைக்கு அனுப்பினார். அங்கே போனால் இவள் வாயே திறப்பதில்லை.

இப்போது சிகிச்சையாளர், நீங்களும் கணவரும் மட்டும் வாருங்கள் என்கிறார். யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய 'ஸ்பேஸ்' முறையாம். தேடிப் படித்தேன்: 2020இல் வெளியான ஆய்வில், 7 முதல் 14 வயதுவரை உள்ள 124 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (குழந்தையிடமே பேசி, பயத்தைக் கூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுவது), இன்னொரு பிரிவில் பெற்றோருக்கு மட்டும் 12 வாரப் பயிற்சி, பலன் கிட்டத்தட்ட சமமாம். இந்த முறைப்படி, அவள்கூடப் படுப்பது, திரும்பத் திரும்ப 'ஒன்றும் ஆகாது' என்பது போல அவள் பயத்துக்கு வளைந்துகொடுப்பதை நாம் படிப்படியாகக் குறைத்து, 'பயமாக இருக்கிறது, புரிகிறது, ஆனால் உன்னால் சமாளிக்க முடியும்' என்று சொல்லப் பழக வேண்டும். திட்டுவதோ கட்டாயப்படுத்துவதோ இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் கணவர், 'பிரச்சினை அவளுக்கு, சிகிச்சை நமக்கா?' என்கிறார். மாமியார் அவள் அழுதால் உடனே போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்வார் (பாசம்தான், என்ன சொல்ல).

இப்படிப் போனவர்கள் சொல்லுங்கள்: ஒருவர் மட்டும் போனாலும் பலன் இருந்ததா? ஆரம்பத்தில் அழுகை அதிகமானால் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்? வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படிப் புரியவைத்தீர்கள்? அப்புறம், வகுப்பாசிரியரிடம் எவ்வளவு சொல்லலாம்? மாத்திரை ஆலோசனை மட்டும் வேண்டாம், அதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.